ஈலிங்கில் ஒரு போலிஷ் கடை

மேற்கு லண்டனில், ஈலிங் பிராட்வே நிலையத்திலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால், ஒரு மருந்துக் கடையை ஒட்டி இந்தப் போலிஷ் கடை இருக்கிறது. பெயரை நான் எழுதவில்லை. கணவனும் மனைவியுமாக நடத்துகிற சின்னக் கடை அது. நல்லதோடு குறைகளையும் எழுதப்போகிறேன். அவர்களால் வாசிக்க முடியாத மொழியில், பதில் சொல்ல இடமே கொடுக்காமல், பெயர் போட்டுக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பக்கம் வசிப்பவர்கள் எந்தக் கடை என்று எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

லண்டனில் எனக்குத் தெரிந்த உணவுப்பொருள் கடைகளில் இதைவிட நல்ல கடை இல்லை. இந்தக் கடை தன்னுடைய சனங்களுக்காக நடக்கிறது. வெளியாட்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று புளிப்பைக் குறைக்கவில்லை, பூண்டைக் குறைக்கவில்லை, பண்டிகை வருவதற்கு முன்பே பண்டிகைச் சாமானை அடுக்கவில்லை. ஆனால் வெளியாளாக உள்ளே போன என்னை ஒருநாளும் வெளியாளாக நடத்தியதும் இல்லை.

லண்டனில் சிவப்பும் வெள்ளையுமாகக் கொடி ஒட்டிய கடைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றை நம்மவர்களே நடத்துகிறார்கள். ஒரு தட்டில் போலந்து, அடுத்த தட்டில் ருமேனியா, அதற்கடுத்து லித்துவேனியா, மூலையில் அரிசி மூட்டையும் மிளகாய்த் தூளும். அவசரத்துக்கு உதவுகிற கடைகள்தான். இரவு 11 மணிக்கும் திறந்திருப்பார்கள். அங்கே கிடைப்பது போத்தலிலும் பெட்டியிலும் அடைத்து வந்த போலந்து. அளந்து, வெட்டி, கரண்டியால் அள்ளித் தருகிற போலந்து வேண்டுமென்றால் இப்படியான ஒரு கடையைத் தேடித்தான் போக வேண்டும்.

நான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்புகள் நடக்கிற தெருவுக்கு அடுத்த தெருவில், இன்னொரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துப் போலிஷ் சனிக்கிழமைப் பள்ளி நடத்துகிறார்கள். இரண்டும் மதியம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடும். இந்தக் கடையை நான் அறிந்தது அந்தக் கூட்டத்தோடு போய்த்தான்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் நீளமான கண்ணாடிப் பெட்டி. முழுவதும் இறைச்சி. மெல்லிய கயிறுபோல் தொங்குகிற கபனோஸ், தடித்த கிராகோவ் கியவ்பாசா (கியவ்பாசா என்றால் சொசேஜ்), சூனிப்பர் காய் போட்டுப் புகையில் வாட்டிய வேட்டைக்காரர் கியவ்பாசா, இரத்தமும் பக்வீட் தானியமும் அடைத்த காஷாங்கா, நாலைந்து விதமான பன்றித் தொடை. போலந்தில் இறைச்சியை டெக்கோ கணக்கில் கேட்பார்கள். ஒரு டெக்கோ 10 கிராம். இங்கேயும் அப்படித்தான். 20 டெக்கோ என்று கேட்டால் அந்த அம்மா தராசைப் பார்க்காமலே வெட்டி வைப்பார், முள் 200 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் துண்டை உங்களிடம் நீட்டி, தடிப்புப் போதுமா என்று கண்ணால் கேட்பார். ருசி பார்க்கவும் அதையே தருவார். எதை வாங்குவதென்று தெரியாதவர்கள் கபனோஸில் தொடங்கலாம். நல்ல கபனோஸை வளைத்தால் டக்கென்று முறியும். முறியாமல் வளைந்துகொண்டே போனால் அது ஈரமானது, இரண்டு நாளில் வழுவழுத்துவிடும். இங்கே வாங்கியது எனக்கு எப்போதும் முறிந்திருக்கிறது.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் இந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவதே நல்லது. கோழியும் வான்கோழியும் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் வெட்டுவது ஒரே இயந்திரத்தில்தான். கேட்டால் துடைத்துவிட்டு வெட்டித் தருவார்கள், அது போதாதென்று நினைப்பவர்களும் உண்டு.

சைவர்கள் நேரே பாற்பொருள் பக்கம் போகலாம். த்வாரூக் என்ற பாற்கட்டி ஆப்பு வடிவத்தில், தாளில் சுற்றிக் கிடைக்கும். கொழுப்பு முழுவதும் உள்ளது, பாதி உள்ளது, எடுத்தது என்று மூன்று வகை. பன்னீரைவிட மென்மையானது, கொஞ்சம் புளிப்பானது, பொரித்தால் கரைந்து போகும். பொஸ்னான் பக்கத்து மக்கள் அதைப் புளித்த ஆடையோடும் வெங்காயத்தாளோடும் பிசைந்து, அவித்த உருளைக்கிழங்குக்குத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் ஒரு பச்சை மிளகாயும் சேர்த்துக்கொள்வேன். கொழுப்பு எடுத்ததை வாங்காதீர்கள், மரத்தூள் மாதிரி இருக்கும். இதே த்வாரூக்கும் உருளைக்கிழங்கும் அடைத்த கொழுக்கட்டைதான் பியரோகி ருஸ்கியே. கடையின் அம்மா வாரத்தில் இரண்டு நாள் தன் கையால் செய்து வைக்கிறார். அது கண்ணாடிப் பெட்டியின் கடைசித் தட்டில், மா தூவிய தட்டத்தில் இருக்கும். உறைபெட்டியில் கிடக்கிற பொட்டலப் பியரோகியை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்று, வேறு ஒற்றுமை கிடையாது.

அடுத்தது வெள்ளரிக்காய்ப் பீப்பாய்கள். மூடியைத் திறந்தவுடனே வெந்தயக்கீரையை நினைவூட்டாத, சோம்புக்கும் சீரகத்துக்கும் நடுவான ஒரு வாசம் எழும்பும். அது டில் பூ. அதோடு பூண்டு, ஹார்ஸ்ராடிஷ் இலை. இந்தக் கிஷோனே வெள்ளரிக்காயில் வினிகர் ஒரு சொட்டும் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தானாகவே புளிக்க விட்டது. தண்ணீர் கலங்கலாக இருக்க வேண்டும். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரில் மிதக்கிறது என்றால் அது வினிகரில் போட்ட வேறு சாதி. பர்கருக்கு நல்லது, சூப்புக்கு ஆகாது. இடுக்கியால் காய்களை எடுத்துப் பையில் போட்ட பிறகு, கேட்காமலே ஒரு கரண்டி புளித்த தண்ணீரையும் ஊற்றிக் கட்டித் தருவார். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அவித்த உருளைக்கிழங்கு, கரட் சேர்ந்த சாதாரண சூப்பில் அரைக் கோப்பை ஊற்றினால் அந்தச் சூப்பின் தலையெழுத்தே மாறிவிடும். புளி போட்டுப் பழகிய நாக்குக்கு இந்தப் புளிப்பு உடனே பிடிபடும். ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் வருகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள்.

பாண். மேற்கு லண்டனிலேயே சுடப்படுகிற புளித்த மாவு ரை தானியப் பாண் காலையில் வரும். மேலோடு கறுத்து, உள்ளே ஈரமாக, ஒரு கிலோவுக்குக் குறையாத கனம். நாலு நாள் வைத்துச் சாப்பிடலாம். குறை என்னவென்றால் சனிக்கிழமை 11 மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னும் பத்துப் பாண் கூடுதலாக எடுத்தால் அந்தப் பத்தும் விற்றுவிடும். எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். மிஞ்சினால் எறிய வேண்டிவரும், பாணை எறியக் கூடாது என்பது அவர் சொல்லும் காரணம். கீழே விழுந்த பாணை எடுத்து முத்தமிடுகிற வழக்கம் உள்ள நாட்டிலிருந்து வந்தவரிடம் இதற்குமேல் வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் வாடிக்கையாளருக்கு அது குறைதான்.

இந்தக் கடையின் அருமை புரிய வேண்டுமென்றால் வருடம் முழுவதும் போய்வர வேண்டும். ஆண்டு முழுவதும் எல்லாம் கிடைக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்குப் பழகிய நமக்கு, ஒரு பொருள் அதன் நாள் வந்தால்தான் வரும் என்பது மறந்தே போய்விட்டது. ஜனவரியில் கல்லாப் பக்கத்தில் ஒரு தகர உண்டியல் வரும், பக்கத்தில் சிவப்பு இருதயம் அச்சடித்த ஒட்டிகள். போலந்தின் மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வாங்கப் பணம் சேர்க்கிற அந்த இயக்கம் 1993இல் தொடங்கியது. இப்போது வெளிநாடுகளில் வாழ்கிற போலந்துக்காரர்களும் அதே நாளில் உண்டியல் குலுக்குகிறார்கள். விபூதிப் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை போஞ்ச்கியின் நாள். ரோஜா இதழ்ப் பாகு அடைத்து, எண்ணெயில் பொரித்து, சீனிப் பாகில் தோய்த்து, மேலே தோடம்பழத் தோலைச் சீவிப் போட்ட உருண்டைகள். அன்று ஒன்றாவது சாப்பிடாவிட்டால் ஆண்டு முழுவதும் அதிர்ஷ்டம் இல்லை என்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகத்துக்கென்று பெட்டி பெட்டியாக வாங்குவதால் விடிகாலையிலேயே வரிசை தெருவுக்கு வந்துவிடும். தபசு காலத்தில் எண்ணெயிலும் ஆடையிலும் ஊறிய ஹெரிங் மீன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய கிழமையில் புளித்த ரை மாக் கரைசல் போத்தல்களில் வரும், அவிக்காத வெள்ளைக் கியவ்பாசா வரும், சீனியில் வார்த்த சின்ன ஆட்டுக்குட்டிகளும் வரும். பெரிய சனிக்கிழமை அன்று முட்டை, பாண், உப்பு, கியவ்பாசா, ஹார்ஸ்ராடிஷ் எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்து வெள்ளைத் துணியால் மூடிக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிப்பார்கள். கூடை இல்லாதவர்களுக்குக் கடையே கூடை இரவல் கொடுக்கிறது. வேறெந்தக் கடையிலும் இதை நான் பார்த்ததில்லை.

வெள்ளைக் கியவ்பாசா வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது பச்சை இறைச்சி. பிரிஞ்சி இலை, ஓல்ஸ்பைஸ், பூண்டு போட்ட தண்ணீரில், கொதிக்க விடாமல் மெல்லிய சூட்டில் வேகவைத்து, அந்தத் தண்ணீரிலேயே போத்தலிலுள்ள புளித்த மாக் கரைசலை நன்றாகக் குலுக்கி ஊற்றி, மர்ஜோரம் தூவி, அவித்த முட்டையைப் பாதியாக வெட்டிப் போட்டால் ஜுரெக் என்ற புளிப்புச் சூப். அதற்குத் தேவையான எல்லாவற்றையும் அந்த அம்மா ஒரே பையில் எடுத்துப் போட்டுத் தருவார். கேட்டால் போதும்.

நவம்பரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். ஒக்டோபர் நடுப்பகுதியில் வாசலுக்கு வெளியே பெட்டிகளில் ஸ்னிச் என்ற கல்லறை விளக்குகள் அடுக்கப்படும். சிவப்பு, வெள்ளை, பச்சைக் கண்ணாடிக் கூடு, மேலே துளையிட்ட தகர மூடி, உள்ளே மெழுகு. நவம்பர் 1, சகல பரிசுத்தர் திருநாள், போலந்தில் அரச விடுமுறை. நாடு முழுவதும் ஊருக்குத் திரும்பிச் சேமக்காலைகளில் விளக்கேற்றும். இங்கே விடுமுறை இல்லாததால் வேலை முடிந்த கையோடு போகிறார்கள். கன்னர்ஸ்பரி சேமக்காலையில் போலந்துக்காரர்களின் கல்லறைகள் நிறைய உண்டு. ரஷ்யாவிலுள்ள கட்டின் என்ற காட்டில் 1940இல் சோவியத் இரகசியப் பொலிஸ் சுட்டுக் கொன்ற போலிஷ் அதிகாரிகளுக்கான கறுப்புக் கல் தூணும் அங்கேதான் நிற்கிறது. அது நிறுவப்பட்டது 1976இல். அந்தக் கொலைக்குத் தானே பொறுப்பு என்று சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1990இல். அந்தப் பதினான்கு வருடமும் அந்தத் தூணின் கீழே விளக்கு வைத்தவர்கள், கொன்றவர்கள் ஒப்புக்கொள்ளாத ஓர் உண்மைக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள். அதை எழுதும்போது எனக்கு வேறு பல பெயர்களும் இடங்களும் நினைவுக்கு வருகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எவருக்கும் வரும்.

நாங்கள் கத்தோலிக்கர். ஊரில் நவம்பர் 2 அன்று சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவோம். என் அம்மா லண்டனில் அடக்கமாகியிருக்கிறார். இங்கத்தைய நவம்பர்த் தூறலிலும் காற்றிலும் சாதாரண மெழுகுதிரி ஒரு செபம் முடியும்வரைகூட நிற்காது. கையால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்தக் கடையின் ஸ்னிச் மறுநாள் பின்னேரமும் எரிந்துகொண்டிருந்தது. வாங்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். மூடி கண்ணாடியின் விளிம்பில் ஆடாமல் உட்கார வேண்டும். மெழுகு தனிக் குவளையில் இருந்தால் நல்லது, கூட்டை வைத்துக்கொண்டு குவளையை மட்டும் அடுத்த முறை மாற்றலாம். அந்தக் குவளைகளை இவர்கள் வருடம் முழுவதும் தனியாக விற்கிறார்கள். சில சேமக்காலைகளில் நெருப்புக்கு அனுமதி இல்லை. அதற்கு மின்கலத்தில் எரிகிற வகையும் உண்டு. விசாரித்துவிட்டு வாங்குங்கள். எனக்கு விற்றபோது, யாருக்கு என்று அந்த அம்மா கேட்டார். அம்மாவுக்கு என்றேன். பெட்டிக்குள் கைவிட்டு, வெடிப்பு இல்லாததாக ஒன்றைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் தன் மேலாடையின் நுனியால் துடைத்துத் தந்தார்.

டிசம்பரில் ஒப்வாத்தெக் வரும். திருப்பலியில் தருகிற அப்பத்தைப் போலவே மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த மெல்லிய தகடு. மாட்டுத்தொழுவக் காட்சி பதித்திருக்கும். நத்தாருக்கு முந்தின இரவு, முதல் நட்சத்திரம் தெரிந்ததும், ஒருவர் தகட்டிலிருந்து மற்றவர் ஒரு துண்டு முறித்து வாழ்த்துச் சொன்ன பிறகே சாப்பாட்டில் கைவைப்பார்கள். 12 வகைச் சாப்பாடு, ஒன்றிலும் இறைச்சி கிடையாது. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு வெறுமையாக வைத்திருப்பார்கள். அந்தப் பன்னிரண்டுக்கும் வேண்டிய கெண்டை மீன், நூலில் கோத்த காய்ந்த காளான், கசகசா அரைத்த விழுது, பீட்ரூட் சூப்பில் போடும் காது வடிவச் சின்னப் பியரோகி எல்லாம் இந்தக் கடையில் கிடைக்கும். போலந்தில் 2025 முதல் டிசம்பர் 24ஐ அரச விடுமுறை ஆக்கிவிட்டார்கள். இந்தக் கடை அதற்கு வெகு முன்பிருந்தே அன்று நண்பகலோடு பூட்டிவிடும்.

சனிக்கிழமை மதியத்துக்கு வருகிறேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் முதுகுப் பையோடு வந்து நிறைவார்கள். ஏழு வயது இருக்கும் ஒரு பையன், போஞ்ச்கித் தட்டைக் காட்டி ஆங்கிலத்தில் இரண்டு வேண்டுமென்று கேட்டான். அந்த அம்மா இடுக்கியைத் தட்டின் மேலே பிடித்தபடி அசையாமல் நின்றார். முகத்தில் சிரிப்பு, கோபமோ கண்டிப்போ இல்லை. பையன் தாயைப் பார்த்தான். தாய் கவனமாகக் கடுகுப் போத்தல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் ஆறேழு பேர்; எவரும் அவசரப்படவில்லை. கடைசியில் பையன் போலிஷில் கேட்டான். இரண்டு என்ற எண்ணுக்குப் பிறகு வர வேண்டிய பன்மையை விட்டுவிட்டான் என்பது, ஓரளவே போலிஷ் காதில் விழுந்த எனக்கே தெரிந்தது. அவர் திருத்தவில்லை. சரியான வடிவத்தைச் சொல்லிக்கொண்டே இரண்டையும் பையில் போட்டார். மேலே ஒரு க்ரூஃப்கா, பாலில் காய்ச்சிய இனிப்பு, காசில்லாமல். நான் எத்தனையோ ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். வகுப்பில் பிள்ளையின் பிழையை எப்படிக் கையாள வேண்டும் என்று அங்கே சொல்லித் தந்ததை இவ்வளவு அழகாக யாரும் செய்து காட்டியதில்லை. அடுத்த வாரமே என் வகுப்பில் அப்படிச் செய்யத் தொடங்கினேன்.

போலந்துக்காரர்களின் சனிக்கிழமைப் பள்ளிகளுக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவோடு நின்று சண்டையிட்டவர்கள், சோவியத் பிடிக்குள் போன ஊருக்குத் திரும்ப முடியாமல், 1947இல் வந்த மீள்குடியேற்றச் சட்டத்தின் கீழ் இங்கே தங்கினார்கள். அவர்களுடைய பள்ளிகளை இணைக்கிற கல்விச் சங்கம் 1953இல் லண்டனில் உருவானது. 2004 மே மாதம் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வந்த இளம் குடும்பங்கள், ஏற்கனவே கட்டி வைத்திருந்த அந்த ஏற்பாட்டுக்குள் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 2015இல் போலிஷ் உயர்தரப் பரீட்சையை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது பெற்றோரும் பள்ளிகளும் விடவில்லை. மறு ஆண்டே அந்த முடிவு மாறியது. பரீட்சை இருந்தால் பதினாறு வயதுப் பிள்ளையும் சனிக்கிழமை வகுப்புக்கு வரும். பரீட்சை இல்லாத மொழியைப் படிப்பிக்கிறவர்களுக்கு, பன்னிரண்டு வயதோடு வகுப்பு எப்படிக் காலியாகும் என்று தெரியும்.

அந்தப் பழைய தலைமுறையில் ஒருவர் இன்னும் இந்தக் கடைக்கு வருகிறார். தொண்ணூறை எட்டிய மூதாட்டி. வந்தவுடன் கடைக்காரர் உள்ளே போய் ஒரு கதிரை எடுத்துவருவார், அவருக்கு வரிசை கிடையாது. ஒருநாள் நான் எங்கிருந்து வந்தவள் என்று விசாரித்துவிட்டு, தான் எழுத்துப் படித்தது கோலாப்பூருக்குப் பக்கத்தில் என்றார். வலிவடே முகாம். சோவியத் அரசு சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் நாடுகடத்திய போலிஷ் குடும்பங்களில் ஒரு பகுதியினர், ஈரான் வழியாக இந்தியாவுக்கு வந்து 1943 முதல் 1948 வரை அங்கே இருந்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வந்து இறங்கியவுடனேயே பள்ளிக்கூடங்கள் தொடங்கியிருக்கிறார்கள், சாரணர் குழு, நாடகம், கோயில் எல்லாம். மாம்பழத்தின் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது என்றார். அதன் பிறகு, 15 டெக்கோ தொடை இறைச்சி, மெல்லிதாக, என்று கடைக்காரரிடம் திரும்பிவிட்டார்.

குறைகள். விலைச் சீட்டுகள் பாதிப் பொருட்களில் இல்லை; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவசரத்தில் இருக்கும்போது எரிச்சலாக இருக்கிறது. போலிஷ் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற ஆங்கிலச் சீட்டு பல சமயங்களில் காலாவதித் திகதியை மறைக்கிறது. இது சிறிய விஷயம் அல்ல, உடனே சரிசெய்ய வேண்டியது. மரக்கறிகள் வாடல், பீட்ரூட்டையும் முட்டைக்கோவாவையும் தவிர எதையும் தொடாதீர்கள். 5 பவுணுக்குக் குறைந்தால் அட்டை எடுக்க மாட்டார்கள். நத்தாருக்கு முந்தின மூன்று நாட்களும் வாசலுக்கு வெளியே குளிரில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவரும். எண் போட்ட சீட்டு ஒன்று கொடுத்தால் வயதானவர்கள் இப்படி அவதிப்பட மாட்டார்கள்.

விலை கூடிவிட்டது என்று பலரும் முறையிடுகிறார்கள். அதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இறைச்சியும் பாலும் எல்லை தாண்டுவதற்குக் கால்நடை வைத்தியரின் சான்றிதழ் வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து எல்லையில் பரிசோதனையும் வந்துவிட்டது. ஒரு கிராமத்துக் குடும்பம் செய்கிற இருபது கிலோ சீஸுக்கு இந்தச் செலவு கட்டாது. அதனால் சின்ன உற்பத்தியாளர்களின் பொருட்கள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. அதற்கு மேல், ஐரோப்பாவில் கோமாரி நோய் பரவியதால் 2025 ஏப்ரல் 12 முதல் பயணிகள் மாடு, ஆடு, பன்றி இறைச்சியையும் பாற்பொருட்களையும் தங்கள் பெட்டியில் கொண்டுவரவும் தடை வந்தது. அதுவரை போலந்துக்குப் போய்வருகிற எவருடைய பெட்டியிலும் தாய் கட்டிக் கொடுத்த கியவ்பாசா இருந்தது. பனங்கட்டியும் கருவாடும் சுற்றிக் கட்டிய பொதியோடு விமான நிலையத்தில் நின்ற நமக்கு அந்தத் தடை எப்படி வலிக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தடை வந்தபோது இந்தக் கடைக்காரர் புகையில் வாட்டிய இறைச்சியின் விலையைக் கூட்டவில்லை. கூட்டியிருந்தாலும் வாங்கியிருப்பார்கள். அதை நான் அவருடைய கணக்கில் பெரிய வரவாகவே எழுதுகிறேன்.

இனிப்புப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெடல் நிறுவனத்தின் ப்தாஷே ம்லெச்கோ சொக்லேட்டும், வேறொரு நிறுவனத்தின் பிரின்ஸ் போலோ வேஃபரும் எந்தப் போலிஷ் கடையிலும் கிடைக்கும். இரவில் கோப்பி குடித்தால் நித்திரை வராதவர்களுக்கு இன்கா என்ற பானத்தைச் சிபாரிசு செய்கிறேன். ரை, பார்லி, சிக்கரி, பீட் எல்லாம் வறுத்துச் செய்தது, கஃபீன் இல்லை, பாலோடு நன்றாக இருக்கும். வாசலில் இருக்கும் அறிவித்தல் பலகையையும் பாருங்கள். வாடகை அறை, கூரை வேலை, போலந்துக்குப் பொதி அனுப்பும் வான், கிட்டார் வகுப்பு என்று கையெழுத்துச் சீட்டுகள் நிறைந்திருக்கும். சென்ற மாதம் அதில் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் பரதநாட்டிய வகுப்புச் சீட்டையும் ஒட்ட இடம் கொடுத்தார்கள். இரண்டு போலிஷ் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் சில்லறைக் காசும் துணிப்பையும் கொண்டு போங்கள். கையால் செய்த பியரோகி செவ்வாயும் வெள்ளியும். பாண் வேண்டுமானால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால் பெயர் எழுதி எடுத்து வைப்பார்கள். தமிழ்ப் பெயர்களை அவர்கள் எழுதுகிற எழுத்துக்கூட்டல் கொஞ்சம் விநோதமாக இருக்கும், பையில் பார்த்துக் குழம்ப வேண்டாம்.